தீராத மருவும் ரத்தத்தில் தேடிய விடையும்

மருவைப் பற்றி யாரும் பெரிதாக வரலாறு எழுதுவதில்லை. உயிரைக் குடிக்கிற நோய் இல்லை, ஊரை அழித்த கொள்ளைநோயும் இல்லை. நம்ம பக்கம் பாலுண்ணின்னு சொல்லிட்டு, அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி வரும் பாலைத் தடவுவாங்க. சிலர் தலைமுடியால் இறுக்கிக் கட்டுவாங்க. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுறதா வேண்டிக்கிறவங்களும் உண்டு. கொஞ்ச நாளில் மரு உதிர்ந்துவிடும். செடியின் பாலுக்கும் சாமிக்கும் பேர் கிடைத்துவிடும்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1963-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், விடுதியில் தங்கியிருந்த குழந்தைகளின் மருக்களுக்கு எந்த வைத்தியமும் செய்யாமல் இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் தானாகவே மறைந்துவிட்டன. அதாவது நீங்க எதைத் தடவினாலும், தடவாவிட்டாலும், பெரும்பாலும் ஜெயிப்பீர்கள்.

எனக்கு ஆர்வம் மிச்சமிருக்கிற மருக்கள் மேல்தான். ஆசிட் வைத்து, நைட்ரஜனில் உறைய வைத்து, சூடு வைத்துப் பொசுக்கி, லேசரில் எரித்து, ஆறே மாதத்தில் அதே இடத்தில் திரும்பி வரும் மரு. வருஷக்கணக்காக, சில பேருக்கு நூற்றுக்கணக்கில். எல்லார் உடம்பும் பார்த்துத் துரத்திவிடுகிற ஒரு வைரஸை இவர்கள் உடம்பு மட்டும் ஏன் பார்க்காமல் விடுகிறது? ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால் காரணம் தெரியுமா?

ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய இந்த மாதிரி அடையாளங்களை மருத்துவர்கள் 'மார்க்கர்' என்பார்கள். எந்த செல் எத்தனை இருக்கு, எந்தப் புரதம் கூட, எது குறைவு என்கிற கணக்கு. தீராத மருவுக்கான மார்க்கரைத் தேடிய கதையைக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பு எடுத்து வந்தேன். அந்தக் குறிப்புகளைக் கோத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் குற்றவாளி யார் என்று தெரியணும்

1907-ல் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சியூஃபோ ஒரு மருவை அரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தத் திரவத்தைத் தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மாதங்களில் மரு வந்தது. வடிகட்டியைத் தாண்டி வந்தது எதுவோ, அது பாக்டீரியாவை விடச் சின்னது என்று புரிந்தது. 1949-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் துகள்களைக் கண்ணாலேயே பார்த்தார்கள். இன்று அதற்குப் பெயர் எச்.பி.வி., மனிதப் பாப்பிலோமா வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

இந்த வைரஸ் ரொம்ப அடக்கமான திருடன். ரத்தத்தில் ஓடாது. தான் குடியிருக்கும் செல்லை வெடிக்க வைக்காது. தோலின் மேலடுக்கில் மட்டும் வாழ்ந்து, எப்படியும் உதிரப்போகிற செல்லோடு சேர்ந்து வெளியே போய்விடும். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, கூச்சல் இல்லை. அதனால் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குச் சேதி போய்ச் சேரவே மாதக்கணக்காகும்.

சேதி போய்ச் சேர்ந்துவிட்டால் நடப்பது பார்க்கத் தகுந்த காட்சி. தட்டையான மருக்கள் மறையப்போகும் நேரத்தில் திடீரென்று சிவந்து அரிக்கத் தொடங்கும். அப்போது ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். ஒன்று போனால் பின்னாலேயே மற்றவையும் போகும். இன்று நம்மூர்த் தோல் மருத்துவர்கள் சிலர் எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தை ஒரே ஒரு மருவுக்குள் செலுத்துவதும் இந்த நம்பிக்கையில்தான். ஒரு இடத்தில் காவலர்களைக் கூப்பிட்டால், மற்ற இடத்துத் திருடனையும் அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற கணக்கு. சிலருக்குத் தூரத்து மருக்களும் மறைகின்றன.

எந்தக் காவலர்?

வைரஸ் என்றவுடன் நமக்கு ஆன்டிபாடிதான் ஞாபகம் வரும். அந்த யூகத்தைச் சோதிக்க ஒரு வாய்ப்பு 1952-ல் கிடைத்தது. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ஆன்டிபாடியே உற்பத்தியாகாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அதன் பிறகு இதே குறை உள்ள பலர் கண்டறியப்பட்டார்கள். நிமோனியா போன்ற பாக்டீரியா தொற்றுகள் அவர்களைப் படாத பாடு படுத்தின. ஆனால் மரு அவர்களைத் தனியாகக் குறிவைத்துத் தாக்கவில்லை. ஆக, மருவை விரட்டும் முக்கியக் காவலர் ஆன்டிபாடி இல்லை.

1960-களில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு சாட்சி வந்தது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பரவியது. புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, டி செல்களை அடக்கும் மருந்துகளை ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். சில வருஷங்களில் அவர்களில் பலருக்குக் கைகால் முழுக்க மரு. பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகளிடமும் இதே காட்சி. அப்போ மருவை விரட்டுவது டி செல்கள்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அது சரியான முடிவும்கூட.

அங்கிருந்துதான் எண்ணும் படலம் ஆரம்பித்தது. தீராத மரு உள்ளவர்களின் ரத்தத்தை எடுத்து சி.டி.4 எத்தனை, சி.டி.8 எத்தனை, இரண்டுக்கும் என்ன விகிதம், என்.கே. செல்கள் எத்தனை, இன்டர்ஃபெரான் காமா எவ்வளவு என்று அளந்தார்கள். இந்த மாதிரி ஆய்வுகள் இன்றைக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றில் சி.டி.4 குறைவு என்பார்கள், இன்னொன்றில் வித்தியாசமே இல்லை என்பார்கள். பெரும்பாலானவை சில டஜன் பேரை வைத்துச் செய்தவை. பல வகை எச்.பி.வி.-யையும் ஒரே கூடையில் போட்டவை. போதாக்குறைக்கு, சண்டை நடப்பது தோலில், எண்ணுவது ரத்தத்தில். ஒரு எண் குறைந்திருந்தாலும், அது மரு வந்ததற்குக் காரணமா அல்லது பல வருஷம் மரு இருந்ததன் விளைவா என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

தெளிவு வேறு வழியில் வந்தது. நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியிலிருந்து வரவில்லை. அரிதினும் அரிதான சில குடும்பங்களிடமிருந்து வந்தது. அதில் மூன்று கதைகளைச் சொல்கிறேன்.

கதை ஒன்று: ரத்தத்தில் தேடினார்கள், தோலில் இருந்தது

1922-ல் லெவண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு நோயைப் பதிவு செய்தார்கள். உடம்பெங்கும் தட்டையான மரு போன்ற திட்டுகள். தோல் பிறவியிலேயே தப்பாக உருவானதால் வந்தது என்று கருதி, அந்த அர்த்தத்திலேயே எபிடெர்மோடிஸ்ப்ளேசியா வெருசிஃபார்மிஸ் என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாது, ஈ.வி. என்றே வைத்துக்கொள்வோம்.

1946-ல் அதே லுட்ஸ், நோயாளியின் திட்டிலிருந்து எடுத்ததை அவருடைய தோலிலேயே வேறு இடத்தில் ஏற்றிப் பார்த்து, இது தொற்றுதான் என்று காட்டினார். பிறவிக் கோளாறு என்ற பழைய கருத்து பின்னுக்குப் போனது. பிறகு வார்சாவில் ஸ்டெஃபானியா யாப்வோன்ஸ்கா என்ற தோல் மருத்துவர் இந்த நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜெரார் ஓர்த்தோடு சேர்ந்து, இவர்களின் திட்டுகளில் எச்.பி.வி.5 போன்ற தனி வகைகள் இருப்பதையும், வெயில் படும் இடங்களில் அவை பலருக்குத் தோல் புற்றுநோயாக மாறுவதையும் காட்டினார். மனிதரில் எச்.பி.வி.-க்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு முதன்முதலில் பிடிபட்டது இங்கேதான்.

சரி, இவர்களுக்கு ஏன் வருகிறது? டி செல் குறைவு என்றே அப்போது நினைத்தார்கள். அளந்தபோது பலருக்கு டி செல் வேலையில் மந்தம் தெரியவும் செய்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இவர்களுக்கு மற்ற தொற்று எதுவும் கூடுதலாக வரவில்லை. மற்ற வகை எச்.பி.வி.-கூட எல்லாரையும் போலத்தான். காவல்படையே பலவீனம் என்றால், ஒரே ஒரு வகைத் திருடன் மட்டும் எப்படி உள்ளே வருவான்?

2002-ல் பாஸ்டர் நிறுவனக் குழு, 17-ஆவது குரோமோசோமில் எவர்1, எவர்2 என்ற இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தது. 2018-ல் மூன்றாவதாக சி.ஐ.பி.1 வந்தது. இந்த மூன்று புரதங்களும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. அவை காவல் காக்கும் இடம் தோல் செல்லுக்குள்ளேயே. நம் எல்லார் தோலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிற பீட்டா வகை எச்.பி.வி.-க்களை அந்தப் பூட்டு அடக்கி வைக்கிறது. ஈ.வி. நோயாளிகளிடம் அந்தப் பூட்டுதான் உடைந்திருக்கிறது.

அப்படின்னா, பல பத்தாண்டுகள் ரத்தத்தில் அளந்த டி செல் எண்கள் நோயின் காரணத்தைச் சொல்லவே இல்லை. கோளாறு தோல் செல்லில். ஒருவிதத்தில், 1922-ல் வைத்த அந்தப் பழைய பெயர் பாதி சரி! வைரஸும் உண்மை, பிறவியிலேயே தோலில் இருந்த குறையும் உண்மை.

கதை இரண்டு: தோலில் தெரிந்தது, எலும்பு மஜ்ஜையில் இருந்தது

1964-ல் அமெரிக்காவில் ஒரு சிறுமியின் விசித்திரமான நோய் மருத்துவ இதழ்களில் பதிவானது. ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு மிகக் குறைவு, அதனால் ஓயாத தொற்று. ஆனால் எலும்பு மஜ்ஜையைப் பார்த்தால் அங்கே நியூட்ரோஃபில்கள் நிரம்பி வழிகின்றன. உற்பத்தி இருக்கிறது, வெளியே வரவில்லை. நெல் விளையுது, களஞ்சியத்தை விட்டு வண்டி கிளம்பல. வுல்ஃப் ஸூல்சர் என்ற மருத்துவர் இதற்கு 'மஜ்ஜையிலேயே தங்கிவிடுதல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்றை வைத்தார்.

இதே குறை உள்ளவர்களைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பலருக்கும் கட்டுக்கடங்காத மரு. கடைசியில் நோய்க்கு 'விம்' என்று பெயர் வந்தது. நான்கு அறிகுறிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது. அதில் முதல் எழுத்தே மருவுக்கு உரியது.

2003-ல் காரணம் கிடைத்தது. சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பிப் புரதம். எய்ட்ஸ் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளில் ஒன்று என்று 1996-லேயே பிரபலமான அதே புரதம். மஜ்ஜையில் வெள்ளணுக்களை இழுத்துப் பிடித்து வைக்கும் கயிறு இதுதான். விம் நோயாளிகளிடம் இந்தக் கயிறு தளராமல் இறுகியே நிற்கிறது.

இனி வருவதுதான் எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த பகுதி. 1964-ல் பதிவான அந்தச் சிறுமி, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணாக, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களிடம் வந்தார். அவருடைய இரண்டு மகள்களுக்கும் அதே நோய். ஆனால் அவருக்கு? சுமார் இருபது ஆண்டுகளாக நோயே இல்லை. தொற்றும் இல்லை, மருவும் இல்லை.

டேவிட் மெக்டெர்மட், ஃபிலிப் மர்ஃபி குழு 2015-ல் வெளியிட்ட விடை இது. எப்போதோ ஒரு நாள், அவருடைய மஜ்ஜையில் இருந்த ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் 2-ஆவது குரோமோசோம் துண்டு துண்டாக உடைந்து, தாறுமாறாக மறுபடி ஒட்டிக்கொண்டது. பொதுவாகப் புற்றுநோயில் காணப்படும் விபத்து அது. ஒட்டும்போது 164 மரபணுக்களின் ஒரு பிரதி தொலைந்துபோனது. தொலைந்ததில் ஒன்று, பழுதான அந்த சி.எக்ஸ்.சி.ஆர்.4. அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள் பெருகி, நியூட்ரோஃபில் உள்ளிட்ட ரத்த அணு வரிசையை மெல்லக் கைப்பற்றிக்கொண்டன. யாரும் மருந்து கொடுக்கவில்லை. விபத்தே வைத்தியமாகிவிட்டது. மகள்களுக்கு அந்த விபத்து கைமாறவில்லை, பழுது மட்டும் கைமாறியது.

இந்த நோய்க்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் மாவோரிக்ஸாஃபர் என்ற மாத்திரை அனுமதி பெற்றது. அந்த இறுகிய கயிற்றைத் தளர்த்தும் மருந்து. 31 பேரை வைத்து 52 வாரம் நடந்த சோதனையில் ரத்தத்தில் வெள்ளணுக்கள் உயர்ந்தன, தொற்றுகளும் குறைந்தன. மரு? மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மரு விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அனுமதி உத்தரவிலும், ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையை உயர்த்துவதற்கு என்றுதான் எழுதியிருக்கிறது. ஏற்கெனவே பயன்படுத்தி வந்த ஜி.சி.எஸ்.எஃப். ஊசியிலும் இதே அனுபவம்தான். நியூட்ரோஃபில் எண் ஏறும், மரு அப்படியே இருக்கும்.

எண்ணைச் சரிசெய்வதும் மருவைச் சரிசெய்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கதை மூன்று: எண்ணிக்கை முழுசாக இருந்தும்

இந்தோனேசியாவின் டெடே கோஸ்வாராவை நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. கைகால்களில் மரக்கிளை போல மரு வளர்ந்து, 'மர மனிதர்' என்று உலகத் தொலைக்காட்சிகள் காட்டிய மனிதர். பிழைப்புக்காகக் கண்காட்சியிலும் நின்றிருக்கிறார். 2008-ல் அறுவை சிகிச்சையில் சுமார் 6 கிலோ வெட்டி எடுத்தார்கள். மீண்டும் வளர்ந்தது. 2016 ஜனவரியில் இறந்துபோனார். வெட்டுவது பதில் இல்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

இதே மாதிரி மர மனிதத் தோற்றம் கொண்ட ஈரானைச் சேர்ந்த ஒருவரின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2021-ல் வந்தது. அவரிடம் இருந்தது எச்.பி.வி.2. நம்ம வீட்டுப் பையன் விரலில் வரும் சாதாரண மருவிலும் காணப்படுகிற அதே வகை! அவர் டி செல்களில் இல்லாதது சி.டி.28 என்ற ஒரே ஒரு புரதம். டி செல் முழுசாக விழித்தெழ இரண்டு சமிக்ஞை வேணும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இரண்டாவது சமிக்ஞையை வாங்கும் கை இந்த சி.டி.28. அது இல்லாவிட்டால் உடம்பு எந்த நோய்க்கும் தாங்காது என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அந்த ஆய்வில் இதே குறை உள்ளவர்களாகக் கண்ட மூவரும், மருவைத் தவிர மற்றபடி ஆரோக்கியமாகவே இருந்தார்கள்.

சாதாரண டி செல் எண்ணிக்கைப் பரிசோதனை தலையைத்தான் எண்ணும். வரிசையில் நிற்கிற காவலருக்குக் காது கேட்குமா என்று அது சோதிக்காது.

அப்போ அளப்பதே வீணா?

இல்லை. எண்ணைக் காரணமாக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். துப்பாக எடுத்துக்கொண்டால் அது உயிரையே காக்கும்.

ஜி.ஏ.டி.ஏ.2 என்ற மரபணுவில் பழுது உள்ளவர்களைப் பாருங்க. 2011-ல் அடையாளம் கண்ட குறை இது. பலருக்கு முதலில் தெரிவது இளவயதில் வரும் தீராத மருதான். பின்னால் வருவது காசநோய்க் கிருமியின் உறவுக்கிருமிகளால் வரும் தொற்று, சிலருக்கு ரத்தப் புற்றுநோய். இவர்களில் பலரின் ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளணு கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள மரபணு ஆய்வகம் தேவையில்லை. தெருமுனை லேபில் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே மோனோசைட்டுக்கு ஒரு வரி உண்டு. ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு நாம் மடித்து வைக்கிற அதே சீட்டு. மருவோடு சேர்த்து அந்த வரியையும் யாராவது படித்தால், ரத்தப் புற்றுநோய் வருவதற்கு முன்னாலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

இதைப் படித்துவிட்டு, குழந்தையின் விரலில் ரெண்டு மரு இருக்கே என்று யாரும் பதற வேண்டாம். பெரும்பாலும் அது போய்விடும். ஆனால் பல வருஷமாகப் போகாமல் பரவிக்கொண்டே இருக்கிற மரு, கூடவே அடிக்கடி சளி, நிமோனியா, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அதே கதை என்றால், அடுத்த தடவை பொசுக்கிக்கொள்ளப் போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளணுக்களை வகை வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கும் வரிகளைக் காட்டி, "டாக்டர், இது சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு கேளுங்க.